தாத்தா தலைதிவசமும் கேசட்டுகளும்

குழு: சுங்கை சிப்புட் குடும்பம்

செல்வி அத்தை: எல்லாருக்கும் வணக்கம். அப்பா தலைதிவசத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான். அப்பா கேசட்டில் பாடிய பாட்டுகளைப் புத்தகமாகப் போடுவதாகப் பேசினோமே, நேற்று விழுந்த இடியில் கம்ப்யூட்டர் போய்விட்டது. புதிதாக எதை வாங்குவது?

பெரியப்பா: கேசட் எல்லாம் பத்திரமா?

செல்வி அத்தை: இரும்புப் பெட்டியில் இருக்கு அண்ணே. மூன்றாவது மட்டும் காணோம். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம் தோட்டத்துக்கு வந்து, தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கும் நிலநிதிக் கூட்டுறவில் சேரச் சொன்ன கதை அதில்தான்.

லதா அக்கா: அது முத்து சித்தப்பா வீட்டில்

முத்து சித்தப்பா: யார் சொன்னது

லதா அக்கா: ரேடியோவோடு போனது சித்தப்பா

பெரியப்பா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

குணா: அத்தை, பெரிய பெட்டி வேண்டாம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக மினி பிசி வருகிறது. சிலதில் ஏ.ஐ. வேலைக்கென்றே என்.பி.யு. என்று தனிப் பகுதி உண்டு. பெருக்கல் கூட்டலை மட்டும் மொத்தமாகச் செய்யும், அதனால் கரண்டும் குறைவு, சூடும் குறைவு. 2024இல் ஒரு கம்ப்யூட்டருக்குக் கோப்பைலட் பிளஸ் என்று பெயர் வைக்க மைக்ரோசாஃப்ட் கேட்ட குறைந்த அளவு, என்.பி.யு. வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு போடணும், ரேம் என்கிற வேலை நினைவகம் 16 ஜிபி இருக்கணும். சூடு குறைந்தால் விசிறி அலறாது. நமக்கு அதுதான் முக்கியம். கேசட்டில் அழிந்த அடிகளைப் பாட்டிதான் பாடிக் கொடுக்கணும். போன மாதம் எடுத்ததைக் கேட்டுப் பாருங்கள், மாவு மில்லில் உட்கார்ந்து பாடியது போல இருக்கிறது.

முத்து சித்தப்பா: எவ்வளவு

பெரியப்பா: அம்மா இப்போது பாடுகிறார்களா?

செல்வி அத்தை: காலையில் பசியாறிய பிறகு பாடுவார்கள். மத்தியானம் கேட்டால் கோபம் வரும்.

கவின்: அண்ணே, ஏ.ஐ.யே பாட்டை எழுதிக் கொடுக்குமா?

குணா: எழுதும் கவின். ஓபன்ஏஐ 2022இல் விஸ்பர் என்று ஒன்றை இலவசமாக வெளியிட்டது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் அது. ஒருமுறை இறக்கிவிட்டால் இன்டர்நெட் லைன் இல்லாமலே ஓடும், தமிழும் எழுதும். தாத்தா குரல் வீட்டை விட்டு வெளியே போகாது, எனக்கு அதில்தான் பெரிய நிம்மதி. ஆனால் பெரட்டுக்களம், கித்தா என்று நம் தோட்டத்துச் சொல் வந்தால் தப்பாகத்தான் எழுதும், அத்தை உட்கார்ந்து திருத்தணும். இன்னொன்று. கடையில் என்.பி.யு. எண்ணைக் காட்டினால் மயங்க வேண்டாம். மென்பொருளை அதற்கென்று எழுதியிருந்தால்தான் அது வேலை செய்யும். இல்லாவிட்டால் எல்லாம் சாதாரண பிராசசரிலேயே ஓடும். ரேமைப் பாருங்கள். சில மாடலில் பிறகு கூட்டவே முடியாது.

செல்வி அத்தை: இவ்வளவு நீளம் யார் படிப்பது அய்யா. கடையில் என்ன கேட்கணும்?

குணா: 16 ஜிபிக்குக் குறையக் கூடாது.

லதா அக்கா: அன்றைக்குச் சமையல் யார்? போன தடவை மாதிரி ரசம் தீர்ந்துபோகக் கூடாது

முத்து சித்தப்பா: ஈப்போவில் விசிறியே இல்லாத பெட்டி பார்த்தேன்

குணா: அருமை சித்தப்பா. அதில் அலுமினிய உடம்பே சூட்டை வெளியே விடும், செம்பனைத் தோட்டத்துத் தூசியை உள்ளே இழுக்காது. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அதிக வேலை கொடுத்தால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். துணி போர்த்தக் கூடாது, சாமி விளக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஆப்பிள் மேக் மினியும் சின்னதுதான், 12.7 செ.மீ. சதுரம். விசிறி உண்டு, பெரும்பாலும் சத்தம் கேட்காது. எதை வாங்கினாலும் இடி இடிக்கும்போது பிளக்கையும் லைன் கேபிளையும் கழற்றிவிடுங்கள் அத்தை.

பெரியப்பா: ஆளுக்கு 500 வெள்ளி போடலாம்.

முத்து சித்தப்பா: சமாதி கட்ட நான் போட்டது கணக்கில் இல்லையா

பெரியப்பா: அதை யாரும் மறக்கவில்லை முத்து.

லதா அக்கா: சித்தப்பா பங்கை நான் போடுகிறேன். கேசட் வந்தால் போதும்

முத்து சித்தப்பா: தேடிப் பார்க்கிறேன்

கவின்: கேசட் போட எதுவும் இருக்கா?

செல்வி அத்தை: அப்பா ரேடியோ ஒன்றுதான்.

குணா: சித்தப்பா, அதில் இயர்போன் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். அங்கிருந்துதான் கேபிள் போட்டு எடுக்கணும்.

முத்து சித்தப்பா: இருக்கு

பெரியப்பா: சனிக்கிழமை ஈப்போ போகிறேன். காடியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கு.

லதா அக்கா: ரசம்?

செல்வி அத்தை: ஐயருக்கே இன்னும் சொல்லவில்லை.