170 வோல்ட் எங்கேருந்து வந்துச்சு? (ஏரியா மெக்கானிக் குரூப்)

சரவணன்: 📷 📷
புதுசா வந்திருக்கிற எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பாதுகாப்புப் புத்தகம். ரெண்டாவது படம் ஒரு இங்கிலீஷ் வெப்சைட். பாயிண்ட் வரிசைகூட மாறல. அப்படியே தமிழ்ல இறக்கிட்டாங்களோ?

ரஹீம் பாய்: வரிசை ஒண்ணா இருக்குன்னு மட்டும் சொல்லிர முடியாது தம்பி. "லைவ் செட்டுல ஒத்தக் கையால வேலை பாரு, இன்னொரு கை பாக்கெட்டுல"ங்கிறது வால்வு ரேடியோ காலத்துப் பேச்சு. யாருக்கும் சொந்தமில்ல.

கலா டீச்சர்: ஆமா பாய். கருத்துக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, எழுதின விதத்துக்குத்தான். நாடகத்தைத் திருடி சினிமா எடுத்தாங்கன்னு ஆர்.ஜி. ஆனந்த் போட்ட வழக்குல 1978லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஆனா படத்துல 41ஆம் பக்கம் பாருங்க. "எஸ்எம்பிஎஸ் மெயின் கண்டென்சரில் 170 வோல்ட் வரை நிற்கும்." எஸ்எம்பிஎஸ்னா செட்டுக்குள்ள இருக்கிற பவர் சப்ளை, கண்டென்சர் அதுல சார்ஜைச் சேர்த்து வைக்கிற பாகம். நம்ம ஊர்ல 170 எப்படி வரும்?

சரவணன்: அங்க வீட்டு கரண்ட் 120 வோல்ட். கண்டென்சர் ஏசியோட உச்சம் வரைக்கும் ஏறும், அது 1.414 மடங்கு. 120 × 1.414 = 170. அமெரிக்கக் கணக்கு! நமக்கு 230 × 1.414 = 325.

பிரபு: அதான் 200 வோல்ட் கண்டென்சர் போடச் சொல்லுது. நம்ம டிவி போர்டுல 400 இல்ல 450 தான். 200ஐ ஒத்தையா போட்டா பவர் குடுத்ததும் மேல் மூடி பொளந்து மூஞ்சில தெறிக்கும்.
(பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ல 200 வோல்ட் ரெண்டு சீரிஸ்ல இருக்கும், அது வேற கதை)

கலா டீச்சர்: அடுத்த பக்கம் இன்னும் மோசம். "கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல்." அங்க அப்படி. இங்க வீட்டு வயரிங்ல சிவப்பு, மஞ்சள், நீலம் லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இதை நம்பி ஒரு பையன் கறுப்புல சுவிட்ச் போட்டான்னா பல்பு அணைஞ்சிரும், ஹோல்டர்ல கரண்ட் அப்படியே நிக்கும்.

பிரபு: ஷாக் அடிச்சா 911க்கு (அமெரிக்க அவசர நம்பர்) போன் பண்ணணுமாம் 😂 108 எங்க போச்சு

ரஹீம் பாய்: சரி, இப்ப நானும் ஒத்துக்கிறேன். சீரிஸ் பல்பு (ரிப்பேர் செட்டுக்குப் போற லைன்ல நடுவுல ஒரு பல்பு மாட்டி டெஸ்ட் பண்றது) பகுதியப் பாருங்க. வெப்சைட்ல ரெண்டு வரி இருக்கு: பல்பு கரண்டைக் குறைக்கும், ஆனா ஷாக்கைத் தடுக்காது. புத்தகத்துல ரெண்டாவது வரியே காணோம். 100 வாட் பல்பு 230ல 0.43 ஆம்பியர் விடும். ஆளைக் கொல்ல 0.1 போதும். ஷாக்குக்கு, மெயின் லைனோட நேரடித் தொடர்பை அறுக்கிற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான், பல்பு இல்ல.

சரவணன்: டிஸ்சார்ஜுக்கு (கண்டென்சர்ல நிக்கிற சார்ஜை வடிக்க) ஸ்க்ரூடிரைவர்னு போட்டிருக்கு பாய். "மேலே உள்ள படத்தில் காட்டியபடி"ன்னும் இருக்கு, படம் இல்ல.

ரஹீம் பாய்: ஸ்க்ரூடிரைவர் வச்சா நுனி உருகும், போர்டுல இருக்கிற செம்புக் கோடு (டிராக்) பறக்கும், கண்டென்சர் உள் இணைப்பும் போகும். 2.2 கிலோ ஓம் 5 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர், அதோட ரெண்டு காலுக்கும் நல்ல இன்சுலேஷன் உள்ள வயர். பிளக்கை உருவிட்டு கண்டென்சரோட ரெண்டு முனையிலயும் பிடிங்க. 220 மைக்ரோஃபாரட்னா டைம் கான்ஸ்டன்ட் (ஓம் × ஃபாரட்) அரை நொடி, அதுல அஞ்சு மடங்கு போனா கிட்டத்தட்ட காலியாயிரும், அது ரெண்டரை நொடி. அஞ்சு நொடி பிடிங்க. அப்புறம் மீட்டர்ல டிசி 1000 ரேஞ்ச் வச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். மைக்ரோவேவ் ஓவனுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதுல 4000 வோல்ட் வரைக்கும் போகும்.

பிரபு: மொழிபெயர்த்தா திருட்டாகுமா டீச்சர்?

கலா டீச்சர்: 1957 காப்புரிமைச் சட்டம் 14ஆம் பிரிவுல மொழிபெயர்க்கிற உரிமையும் உரிமைதாரருக்குத்தான். வெளிநாட்டுக்காரர் எழுதினதுக்கும் பெர்ன் ஒப்பந்தப்படி (நாடுகளுக்கு இடையிலான காப்புரிமை ஒப்பந்தம்) இங்க பாதுகாப்பு உண்டு. ஆனா முதல்ல நன்றிப் பக்கம் பாருங்க, அனுமதி வாங்கியிருக்கலாம். இந்த மாதிரி கைடு எழுதுறவங்க சிலர், "எழுதினவர் பேரை நீக்காம, லாபமில்லாம பகிரலாம்"னு கீழ போட்டிருப்பாங்க. காசுக்கு விக்கிற புத்தகம் அதுல அடங்காது.

சரவணன்: நன்றிப் பக்கத்துல மனைவி பேரும் அச்சகம் பேரும்தான் இருக்கு.

கலா டீச்சர்: அப்ப வேபேக் மெஷின்ல (பழைய வெப் பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற சைட்) அந்தப் பக்கத்தோட பழைய பிரதி எடு. அதோட தேதி புத்தகம் அச்சான வருஷத்துக்கு முன்னாடி இருக்கணும். 170, கறுப்பு வயர், 911, இல்லாத படம், இது நாலையும் ரெண்டு பத்தியா எதிரெதிர் போட்டு வெப்சைட்காரருக்கு மெயில் அனுப்பு. வழக்கு போடறது அவரோட முடிவு. பதிப்பகத்துக்குப் போற கடிதத்துல திருட்டுன்னு எழுதாதே, தப்புகளை மட்டும் பக்க எண்ணோட எழுது.

ரஹீம் பாய்: அதுவரைக்கும் நம்ம கடைப் பசங்க யாராச்சும் வாங்கியிருந்தா 41ல 170ஐ அடிச்சிட்டு 325ன்னு பேனால திருத்தச் சொல்லுங்க. வயர் கலர் பக்கத்துல குறுக்குக் கோடு.