சுற்றளவிலிருந்து ஆரம்: விடை சரி என்கிறார்கள், தூணில் பொருந்தவில்லை

புதுத்தச்சன்:
வட்டத் தூண் ஒன்றை அணைத்தாற்போல் பலகை பொருத்த வேண்டும். இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றிலும் அரைவட்ட வெட்டு. தூணுக்குள் அளவுகோலை நுழைக்க முடியாதே, அதனால் கயிற்றை ஒருமுறை சுற்றி, நீட்டி அளந்தேன்: 157 செ.மீ. சுற்றளவு என்பது 2 × பை × ஆரம் என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கிறது. எனவே 157 ÷ 2 × 3.14 என்று கால்குலேட்டரில் அழுத்தினேன். 246.49 வருகிறது! இரண்டரை மீட்டர் ஆரமா? இந்தத் தூணை நான் இரு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடிகிறது. எங்கே தவறினேன்?

எண்விரும்பி:
கால்குலேட்டர் நீங்கள் சொன்னபடியே செய்திருக்கிறது. 157ஐ 2ஆல் வகுத்து, கிடைத்த 78.5ஐ 3.14ஆல் பெருக்கிவிட்டது. பையாலும் வகுக்க வேண்டும். 157 ÷ (2 × 3.14) என்று அடைப்புக்குறி போடுங்கள், அந்த வசதி இல்லையென்றால் 157 ÷ 2 ÷ 3.14. விடை 25.

இன்னொன்று, ஆரம் எப்போதும் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். மனத்திலேயே ஆறால் வகுத்துப் பார்த்திருந்தால் 246 உங்களை ஏமாற்றியிருக்காது.

புதுத்தச்சன்:
நன்றி, 25 வந்துவிட்டது. ஆணியும் நூலும் வைத்து அட்டையில் அரைவட்டம் வரைந்து, வெட்டித் தூணில் வைத்தேன். தளர்வாக இருக்கிறது. நடுவில் நிறுத்திப் பார்த்தால் எல்லாப் பக்கமும் அரை செ.மீ. இடைவெளி. நல்லவேளை, பலகையில் கைவைக்கவில்லை.

வழிப்போக்கன்:
3.14 தோராயமான மதிப்பு. 22/7 போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

எண்விரும்பி:
ஆகாது, நண்பரே. 22/7 போட்டால் ஆரம் 24.98 செ.மீ.; வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை, பென்சில் கோடே அதைவிடத் தடிமன். அதுவும் ஒரு தோராயம்தான்: பையின் மதிப்பு 22/7ஐவிடக் குறைவு என்று ஆர்க்கிமிடீஸ் அன்றைக்கே நிறுவிவிட்டார்.

புதுத்தச்சன், கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். சுற்றளவில் 1 செ.மீ. பிசகினால் ஆரத்தில் 1.6 மி.மீ.தான் பிசகும். உங்களுக்கு ஆரத்தில் 5 மி.மீ. அதிகம். அப்படியென்றால் சுற்றளவிலேயே 3 செ.மீ.க்கு மேல் கூடுதலாக அளந்திருக்கிறீர்கள். என்ன கயிறு அது?

புதுத்தச்சன்:
கையில் கிடைத்த பருமனான கயிறு. குறுக்கே ஒரு செ.மீ. இருக்கும்.

உளிக்காரர்:
திருடன் அகப்பட்டான். கயிற்றை வளைக்கும்போது தூணை ஒட்டிய உட்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும். நீளம் மாறாமல் இருப்பது அதன் நடுப்பகுதி மட்டுமே. அந்த நடுப்பகுதி தூணின் மேற்பரப்பிலிருந்து அரை செ.மீ. தள்ளி ஓடுகிறது. நீங்கள் கண்டுபிடித்த 25 அந்த நடுக்கோட்டின் ஆரம். தூணின் ஆரம் 24.5.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை: அந்தக் கயிற்றால் கூடுகிற 3.14 செ.மீ. எந்தத் தூணுக்கும் ஒன்றுதான். மெலிந்த கம்பானாலும் பூமியே ஆனாலும் மாறாது. ஆரத்தில் அரை செ.மீ. கூடினால் சுற்றில் 3.14 கூடும், அவ்வளவே.

மெல்லிய, இழுத்தால் நீளாத நூலால் மறுபடி அளங்கள். நூல் சாய்ந்து ஓடினாலும் அளவு கூடிவிடும்; ஒரே மட்டத்தில் சுற்றுங்கள்.

புதுத்தச்சன்:
நூலால் அளந்தேன்: 154 செ.மீ. 154 ÷ 2 ÷ 3.14 = 24.52.

வழிப்போக்கன்:
22/7 போட்டால் மிச்சமே இல்லாமல் 24.5! என் யோசனையும் வீண்போகவில்லை.

உளிக்காரர்:
உங்களுக்கு ஆறுதல் பரிசு உண்டு. புதுத்தச்சன், புதிய அட்டையைத் தூணைச் சுற்றி மெல்ல நகர்த்திப் பாருங்கள். தூண் கொஞ்சம் நசுங்கிய வட்டமாக இருந்தால் சுற்றளவு அதைக் காட்டிக்கொடுக்காது, அட்டை காட்டிவிடும்.

புதுத்தச்சன்:
நகர்த்திவிட்டேன். ஓரிடத்தில் மட்டும் லேசாக உரசுகிறது, மற்றபடி கச்சிதம். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். அங்கே மட்டும் அரத்தால் தேய்த்துக்கொள்கிறேன்.