பேட்டரி மிச்சம் பிடிக்கப்போய் ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்'னு அடிக்கு, உதவி வேணும்

நாங்குநேரி பத்திரம்:
பத்திரம் டைப் அடிச்சுக் குடுக்கிற தொழில். பழைய லேப்டாப், சுத்துற 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், லினக்ஸ் மின்ட். பராமரிப்புன்னு காலையில 9 மணிக்குக் கரண்ட்டை எடுத்தா சாயங்காலம்தான் வருது. பணகுடிப் பக்கம் அத்தனை காத்தாடி சுத்துது, நம்ம கடையில ஃபேன் சுத்தல! பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். டிஸ்க் சும்மா சுத்த வேண்டாமேன்னு ஹெச்டிபார்ம்ல (டிஸ்க் அமைப்பை மாத்துற கட்டளை) எஸ் 12, பி 1 போட்டேன். அதுலருந்து கால் நிமிஷத்துக்கு ஒருக்கா 'டிக்'. பேட்டரியும் கூடல. டிஸ்க் போயிருமா?

பாளை சர்வீஸ்:
அண்ணாச்சி, மொதல்ல அந்த பி 1-ஐ எடுங்க. எஸ் 12னா 60 செகண்ட் வேலை இல்லேன்னா சுத்துறத நிறுத்துன்னு அர்த்தம், ஒரு எண்ணுக்கு 5 செகண்ட். வினை பி 1தான். படிக்கிற தலையை ஓயாம ஓரங்கட்டச் சொல்லுது, டிக் சத்தம் அதுதான். மணிக்கு 240, எட்டு மணி நேரத்துக்கு 1,920. பல லேப்டாப் டிஸ்குக்குச் சொல்லுற கணக்கே 6,00,000 தடவைதான், ஒரு வருஷம் தாண்டாது. டிஸ்க்கோட ஆரோக்கியத்தைக் காட்டுற ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில 193-ஆம் எண் வரியைப் பாத்துச் சொல்லுங்க, தலை எத்தனை தடவை ஓரங்கட்டுச்சுன்னு அதுல இருக்கும். பத்து நிமிஷம் கழிச்சு இன்னொருக்கா பாருங்க.

தென்காசி சாரல்:
ஃபைலைப் படிச்ச நேரத்தை டிஸ்க்குல குறிக்காதேன்னு சொல்லுற நோஏடைம் போட்டா பாதி தீந்துரும்.

பாளை சர்வீஸ்:
தீராது தம்பி. 2009-லருந்து ரெல்ஏடைம் தானாவே இருக்கு, அந்த நேரத்தை எப்பவாச்சும்தான் குறிக்கும். மிஞ்சுறது கொஞ்சம்தான்.

நாங்குநேரி பத்திரம்:
2,14,380. பத்து நிமிஷத்துல 41 கூடியிருக்கு. வயித்தைக் கலக்குது.

அம்பை அக்கா:
யாரு எழுப்புதான்னு பாக்காம தூங்க வச்சு என்ன பிரயோஜனம்? எந்த புரோகிராம் டிஸ்க்குல எழுதுதுன்னு காட்டுற ஐஓடாப்பை ஓட்டி, அஞ்சு நிமிஷம் கையைக் கட்டிட்டுப் பாருங்க.

நாங்குநேரி பத்திரம்:
ஃபயர்பாக்ஸ்தான் அக்கா, மேல வந்துக்கிட்டே இருக்கு. மெயிலும் பதிவுத்துறைப் பக்கமும் திறந்தே கெடக்கும்.

அம்பை அக்கா:
நெனச்சேன். திறந்திருக்கிற டேப்களை 15 செகண்டுக்கு ஒருக்கா டிஸ்க்குல குறிச்சு வைக்கும். ஃபயர்பாக்ஸோட கான்ஃபிக் பக்கத்துல செஷன்ஸ்டோர் இன்டர்வல்னு தேடுங்க, 15000னு இருக்கும், மில்லிசெகண்ட் கணக்கு. 300000 ஆக்கிருங்க. பிரவுசர் கவுந்தா கடைசி அஞ்சு நிமிஷ டேப் போகும், அவ்வளவுதான்.

தென்காசி சாரல்:
லேப்டாப் மோடுன்னு ஒண்ணு இருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மொத்தமா எழுதச் சொல்லலாமே?

பாளை சர்வீஸ்:
பத்திரம் அடிக்கிறவங்களுக்கு அதைச் சொல்லாதீங்க தம்பி. அதுவரைக்கும் ராம்லதான் காத்துக்கெடக்கும். பழைய பேட்டரி 20 சதவீதம்னு காட்டிட்டே பொசுக்குனு அணைஞ்சிரும், நாலு எல்லை அடிச்சதும் போச்சு.

அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லுதேன். இந்தச் சின்ன டிஸ்க் சும்மா சுத்துறதுக்கு ஒரு வாட் பக்கம்தான் தின்னும். நின்னு திரும்ப சுத்த ஆரம்பிக்கையில கொஞ்ச நேரம் அஞ்சு வாட் வரை இழுக்கும். டைப் அடிக்கையில நிறுத்தி நிறுத்தி எழுப்புனா நட்டம்தான். எஸ் 0, பி 254 போட்டு அது பாட்டுக்குச் சுத்தட்டும்னு விடுங்க. ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறைங்க, அதுலதான் காசு இருக்கு. ரீஸ்டார்ட் பண்ணா ஹெச்டிபார்ம் மறந்துரும், அதோட கான்ஃப் ஃபைல்ல எழுதி வைங்க.

நாங்குநேரி பத்திரம்:
ரெண்டும் செஞ்சாச்சு. ஒரு மணி நேரமா 193 நகரவே இல்ல. வெளிச்சத்தைப் பாதியாக்குனதுல இருவது நிமிஷம் கூடக் காட்டுது. கண்ணுதான் கொஞ்சம் மங்கலாத் தெரியுது, ஜன்னல் பக்கமா மேசையை இழுத்துப் போட்டுட்டேன்.