டெரிஜியத்துக்குத் தமிழில் என்ன சொல்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மண்டபத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீடு வீடாகப் போகும் செவிலியர்களுக்குக் கைப்பையில் அடங்கும் கண்நோய்க் கையேடு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். கையில் இரண்டு இருந்தன. ஒன்று நோயின் பெயர் வரிசையில் போகிறது. பெயர் தெரிந்தால்தானே பக்கத்தைப் புரட்ட முடியும்? மற்றது கண் சிவப்பு, உறுத்தல், திடீர் மங்கல் என்று நோயாளி சொல்லும் குறையிலிருந்து தொடங்குகிறது. சுண்ணாம்பு தெறித்தால் எதையும் விசாரிக்கும் முன் தண்ணீர் விட்டுக் கழுவு, முள் குத்திய கண்ணில் பூஞ்சை பிடித்திருக்கலாம், ஸ்டீராய்டு சொட்டு விடாதே என்றெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. கருவேல முள்ளோடு வாழும் ஊருக்கு இதுதான் சரி என்று எடுத்தோம்.

அந்தக் கையேட்டைத் தமிழாக்கும்போது டெரிஜியத்தில் வந்து நிற்கிறேன். வெள்ளை விழியில் மூக்கோரமாகக் கிளம்பி, முக்கோணமாகக் கருவிழி மேல் ஏறும் சதை. வெயிலின் புற ஊதாக் கதிர், காற்று, மணல் மூன்றும் இதற்குக் காரணம். நம் கரையில் மூன்றுக்கும் குறைவில்லை. ஒரு சொல் கொடுங்கள்.

பரமக்குடியிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

அம்மா, வேரிலிருந்து வருவோம். கிரேக்கத்தில் டெரிக்ஸ் என்றால் இறக்கை. டெரிஜியம் சிறு இறக்கை. ஹெலிகாப்டர் என்ற சொல்லின் கடைசியில் ஒட்டியிருப்பதும் இதன் உறவுதான். இறக்கைக்கு நம்மிடம் 'சிறை' என்ற பழஞ்சொல் உண்டு. 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' என்று குறுந்தொகையின் 2ஆம் பாட்டு தொடங்குகிறதே. சிறை, சிறகு, இறகு, இறக்கை எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. விழிச்சிறை என்று வையுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து:

ஐயா, மன்னிக்கணும். சிறை என்றால் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது படகோடு பிடிபட்டு இலங்கையில் கிடப்பவர்கள்தான். அந்தச் சொல் வேண்டாம்.

என் சித்தப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். வலது கண்ணில் மூக்குப் பக்கம் இளஞ்சிவப்பாக ஒரு மடிப்பு, அதில் நூல் நூலாக இரத்த நாளம். முனை கருவிழிக்குள் கொஞ்சம்போல நுழைந்திருந்தது. ஒரு முகாமில் யாரோ 'புரை' என்று சொல்லிவிட்டார்கள். புரை முற்றட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் சதை கண் பாப்பா வரை வந்துவிட்டது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் 'கண்ணுல சதை வளந்திருக்கு' என்பார்கள். நோயாளி வாயில் இருக்கும் சொல்லைத் தலைப்பில் போடுங்கள்.

இராமநாதபுரத்திலிருந்து (சித்த மருத்துவர்):

சித்த மரபில் கண்ணோய் 96 என்று கணக்கு. பழைய வடமொழி மருத்துவ நூலாசிரியர் சுசுருதர் டெரிஜியத்தை அர்மம் என்கிறார், வகை பிரித்தும் காட்டுகிறார். வடசொல் என்று ஐயா ஒதுக்குவார், சரி. ஆனால் வெறும் சதை போதாது, கட்டியையும் சதை என்றுதான் சொல்வார்கள். கரையில் அடம்பங்கொடி மணல் மேல் போவதைப் பாருங்கள், முனை முன்னே போய்க்கொண்டே இருக்கும். சதைப் படர்வு என்றால் நோயின் போக்கும் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

மண்டபத்திலிருந்து:

பெரும்பாலோர் சதைப் படர்வு பக்கம். அதையே தலைப்பாக்கி, கீழே சிறிய எழுத்தில் டெரிஜியம் என்றும் போடுகிறேன். மேல் சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும். சொட்டு மருந்தில் கரையாது, பார்வையை மறைத்தால் அறுவை, எடுத்தாலும் திரும்ப வளரலாம், வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போடு: இந்த வரிகளில் சிக்கல் இல்லை.

பரமக்குடியிலிருந்து:

அச்சிடுங்கள் அம்மா, நான் குறுக்கே நிற்கவில்லை. தம்பி சொன்னதைப் படித்த பிறகு சிறையை நானே எடுத்துவிடுகிறேன். ஆனால் விழிச்சிறகை விடமாட்டேன். படர்வு என்பது தொழிற்பெயர். கண்ணில் நிற்கும் பொருளுக்கு அது எப்படிப் பெயராகும்? இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம், இதற்கு அடுத்துப் பிங்குவெகுலா வருமே. கருவிழியில் ஏறாமல் ஓரத்திலேயே நின்றுவிடும் மஞ்சள் மேடு. அதையும் நோயாளி சதை என்றுதான் சொல்வார். அது படரவில்லையே, அதற்கு என்ன வைக்கப் போகிறீர்கள்?