திரித்துவ ஞாயிறு தாளில் ‘தூய தூய தூயா’வுக்கு யார் பெயரைப் போடுவது?

காட்பாடி ஆல்டோ:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேலூரில் எங்கள் சபையின் திரித்துவ ஞாயிறு ஆராதனைத் தாளை இந்த வருஷம் பாடகர் குழு தயாரிக்கிறது. ஏ4 தாளை மடித்தால் நாலு பக்கம், இடம் குறைவு. ஒவ்வொரு பாமாலைக்கும் கீழே எழுதியவர் பெயரும் மெட்டு அமைத்தவர் பெயரும் வர வேண்டும் என்று ஆயர் சொல்லிவிட்டார். ‘தூய தூய தூயா, சர்வவல்ல நாதா’ பாட்டுக்கு வாட்ஸ்அப்பில் மூன்று விதமாக வந்திருக்கிறது: ‘ஹீபர், 1826’, ‘மங்க், 1861’, ‘பப்ரிசியஸ் ஐயர்’. எது சரி? ஹீபர் அத்தியட்சர் (பிஷப்) இதைத் திருச்சியில் இருந்தபோது எழுதினார் என்றும் ஒருவர் சொல்கிறார். இன்னொன்று, கீபோர்டில் ஈ மேஜரில் வாசிக்கிறார்கள், சபையார் மேலே எட்ட முடியாமல் திணறுகிறார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி ஆர்கன்:
ஸ்தோத்திரம் தங்கச்சி. இந்தப் பாட்டில் மூன்று பேர் வேலை இருக்கிறது: ஆங்கில மூலத்தை எழுதியவர், மெட்டு போட்டவர், தமிழாக்கியவர். மூன்றையும் ஒரே பெயரில் அடைக்கப் பார்ப்பதால்தான் இத்தனை குழப்பம்.

சொற்கள் ரெஜினால்ட் ஹீபருடையவை. 1783இல் பிறந்தவர். 1807 முதல் இங்கிலாந்தில் ஹாட்நெட் என்ற ஊரின் ஆயராக இருந்தார். திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் பொருத்தமான பாட்டுகளைத் தொகுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் முயற்சி. இந்தப் பாட்டு அதில் திரித்துவ ஞாயிறுக்காக எழுதப்பட்டது, ஆகவே நீங்கள் சரியான நாளில்தான் பாடுகிறீர்கள். கல்கத்தா அத்தியட்சராக அவர் இந்தியா வந்தது 1823இல். அதற்கு முன்பே, ஹாட்நெட் காலத்திலேயே, எழுதிவிட்டார். திருச்சிக் கதை எப்படிக் கிளம்பியது என்று ஊகிக்கலாம்: 1826 ஏப்ரல் 3 அன்று, திருச்சியில் திடப்படுத்தல் ஆராதனையை நடத்திவிட்டுக் குளிக்கப் போனவர் அங்கேயே இறந்தார். வயது 42. திருச்சி பரிசுத்த யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை அங்கே இருப்பதால் பாட்டும் அங்கேதான் பிறந்தது என்று யாரோ சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

‘1826’ என்று மொட்டையாகப் போட வேண்டாம். அது பாட்டு முதலில் அச்சான ஆண்டு, அவர் இறந்த ஆண்டும் அதுதான். எழுதிய ஆண்டு அல்ல. அவர் தொகுத்த புத்தகம் மறு ஆண்டு, 1827இல், அவர் மனைவியின் முயற்சியால் வெளிவந்தது. பெயருக்குப் பக்கத்தில் பிறப்பு, இறப்பு ஆண்டுகளைப் போட்டுவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது.

மெட்டு ஜான் பேக்கஸ் டைக்ஸ் (1823–1876) அமைத்தது. டர்ஹாம் பேராலயத்தில் பாடல் பொறுப்பில் இருந்த குருவானவர். ‘ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்’ புத்தகத்தின் 1861 முதல் பதிப்பில் இந்த மெட்டு வந்தது. வில்லியம் ஹென்றி மங்க் அந்தப் புத்தகத்தின் இசைப் பதிப்பாசிரியர். புத்தகத்தின் முகப்பில் இருந்த பெயரைப் பாட்டுக்குக் கீழே இறக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். மெட்டின் பெயர் ‘நைசியா’. திரித்துவ உபதேசத்தை அறிக்கையிட்ட 325ஆம் ஆண்டு நிசேயா சங்கத்தை நினைத்து வைத்த பெயர். ஹீபர் இந்த மெட்டைக் கேட்டதே இல்லை, அவர் இறந்து 35 வருஷம் கழித்து வந்தது.

பப்ரிசியஸ் ஐயர் சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு ஜெர்மன் ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் 1791இல் இறந்துவிட்டார். அப்போது ஹீபர் சின்னப் பிள்ளை. பாமாலை என்றாலே பப்ரிசியஸ் என்று போடுகிற பழக்கம் நம் பக்கம் அதிகம். மூலம் ஜெர்மனா ஆங்கிலமா என்று முதலில் பார்த்தாலே பாதித் தப்பு குறையும்.

தாளில் இப்படிப் போடலாம்:

மூலம்: ரெஜினால்ட் ஹீபர் (1783–1826)
மெட்டு: நைசியா – ஜான் பேக்கஸ் டைக்ஸ் (1823–1876)

இடது ஓரத்தில் மூலம், வலது ஓரத்தில் மெட்டு. அப்படி வைத்தால் ஒரே வரியில் அடங்கும். ‘எழுதியவர்: ஹீபர்’ என்று போட்டால் தமிழ் வரிகளையும் அவரே எழுதினார் என்று ஆகிவிடும், அதனால்தான் ‘மூலம்’. உங்கள் பாமாலைப் பதிப்பில் தமிழாக்கியவர் பெயர் அச்சாகியிருந்தால் மூன்றாவதாகச் சேருங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தை நிரப்பவே வேண்டாம்.

ராணிப்பேட்டை டெனர்:
அண்ணன் சுருதியைத் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

பழைய புத்தகங்களில் ஈ மேஜர், நாலு ஷார்ப். இந்த மெட்டு கீழ் சட்ஜத்தில் தொடங்கி மேல் சட்ஜம் வரை, சரியாக ஒரு ஸ்தாயிக்குள் நடக்கிறது. ஈ மேஜரில் உச்சம் மேல் ஈ. பயிற்சி உள்ள சோப்ரானோவுக்கு அது ஒன்றுமில்லை, காலை ஆராதனைக்கு வந்து உட்கார்ந்திருக்கிற சபைக்குக் கஷ்டம். கீபோர்டில் டிரான்ஸ்போஸை (சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான்) மைனஸ் 2 வைத்தால் டி மேஜர் வரும், வாசிப்பவர் பழகிய விரலிலேயே வாசிக்கலாம். அதற்கும் கீழே, சி வரை, இறக்கிவிடாதீர்கள். முதல் வரியே அடியிலிருந்து தொடங்குகிறது (ச ச க க ப ப), பெண்கள் குரல் அங்கே காணாமல் போய்விடும். பாட்டு முடிந்ததும் டிரான்ஸ்போஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மறந்தால் அடுத்த கீர்த்தனை இறங்கிப் போய் நிற்கும்.

பாடகர் குழுவுக்கு ஆங்கிலத் தாளை நகலெடுத்துக் கொடுத்திருந்தால் இன்னொரு இடத்தில் இடிக்கும். பாட்டின் அசைக் கணக்கு 11.12.12.10. ஆங்கில முதல் சரணத்தில் முதல் வரிக்கு 11 அசை. தமிழில் தூ-ய-தூ-ய-தூ-யா, சர்-வ-வல்-ல-நா-தா என்று 12 வருகிறது. ஆங்கிலத்தில் ‘லார்ட்’ என்ற சொல் நிற்கிற நீண்ட சுரத்தை இரண்டு க்ரோட்செட்டாக (ஒரு தட்டு நீளச் சுரமாக) பிரித்து, ‘சர்’ ஒன்றில், ‘வ’ ஒன்றில் பாட வேண்டும். ஆங்கிலத்தின் இரண்டாம், மூன்றாம் சரணங்களிலும் இதே பிரிப்புதான், அந்தச் சரணங்களின் தாளத்தைப் பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காமல் விட்டால் பாதிப் பேர் ‘சர்’ரை இழுத்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் ‘வல்ல’வுக்குப் போய்விடுவார்கள். சரணம் முழுக்க இழுபறி.

காட்பாடி ஆல்டோ:
ரொம்ப நன்றி அண்ணா. தாளில் தொடக்கப் பாட்டு ‘பூலோகத்தாரே யாவரும்’. இதற்கு ஒருவர் ‘இசை: தாமஸ் கென்’ என்று கொடுத்திருக்கிறார். அப்படியே போடலாமா?

ஆற்காடு பேஸ்:
வேண்டாம்மா. கென் இங்கிலாந்து அத்தியட்சர், 1711இல் இறந்தவர். ஆங்கிலச் சபைகளில் இதே மெட்டில் பாடுகிற துதிச் சரணத்தின் சொற்கள் மட்டும் அவருடையவை. மெட்டு அவர் பிறப்பதற்கு எண்பது வருஷத்துக்கு மேல் முந்தியது. 1551 ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் 134ஆம் சங்கீதத்துக்காக வந்தது, லூயி பூர்ஷ்வா பெயரில் வழங்குகிறது. பத்து வருஷம் கழித்து, 1561இல், வில்லியம் கெத் ஆங்கிலத்தில் பாட்டாக்கிய 100ஆம் சங்கீதம் இந்த மெட்டோடு சேர்ந்தது. அதிலிருந்துதான் ‘ஓல்டு ஹண்ட்ரட்த்’ என்ற பெயர். மெட்டின் பெயரில் நூறு இருக்கிறது, பிறந்ததோ 134இல். இதைத் தெரியாமல் ‘சங்கீதம் 100க்கு அமைத்த மெட்டு’ என்று அச்சடித்துவிடுவார்கள்.

உங்கள் தாளுக்கு: ‘சங்கீதம் 100ஐத் தழுவியது. மெட்டு: ஓல்டு ஹண்ட்ரட்த் – ஜெனீவா சங்கீதப் புத்தகம், 1551’. பூர்ஷ்வா பெயரைச் சேர்த்தாலும் தப்பில்லை. நம் ஆற்காடு மிஷனை 1853இல் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்கள் அமெரிக்க ரிஃபார்ம்டு சபைக்காரர்கள். ஜெனீவா சங்கீதப் பாட்டுகள் அவர்கள் மரபின் வேர். வேலூரில் இந்த வரி அச்சாவது பொருத்தம்தான்.

அளவு 8.8.8.8. பூ-லோ-கத்-தா-ரே-யா-வ-ரும், எட்டும் நேராக உட்காரும், எங்கேயும் பிரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சுக்கு இடம் விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், போதும்.

சத்துவாச்சாரி ஆர்கன்:
அச்சுக்குப் போகும் முன் ஒன்று. ஹீபர், டைக்ஸ், பூர்ஷ்வா எல்லாருக்கும் பதிப்புரிமைக் காலம் முடிந்து வெகு நாளாகிறது, நம் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைதான். கடைசிச் சரணத்துக்கு டெஸ்கன்ட் (மெட்டுக்கு மேலே தனியாகப் பாடும் உயர்ந்த குரல் பகுதி) பாடுவதாக இருந்தால் அது யார் அமைத்தது என்று பாருங்கள். சமீபத்தில் எழுதினதாக இருந்தால் உரிமை அவருடையது. அனுமதி வாங்கி, மெட்டு வரிக்கு அடியில் ‘டெஸ்கன்ட்:’ என்று தனியாக அவர் பெயரைப் போடுங்கள்.