இலை தொய்ந்தால் தண்ணீர் வாளியைத் தூக்க முதல்: வீட்டுச் செடி வளர்ப்போர் அனுபவப் பகிர்வு

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வீட்டுக்குள் செடி வளர்க்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுதியவை இவை. ஒவ்வொன்றின் மேலும் இருப்பது எழுதியவரின் ஊர்.

*கல்லடி*

விறாந்தையிலும் முன் அறையிலும் வைக்கிற மணி பிளாண்ட், பீஸ் லில்லி, சிங்கோனியம் எல்லாம் இலையைத் தொங்கப்போட்டவுடன் வீட்டில் யாராவது ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். அதனால் செத்த செடிதான் அதிகம். இலை நிமிர்ந்து நிற்பது அதற்குள் இருக்கிற தண்ணீரின் அழுத்தத்தால். வேர் உறிஞ்சுவதைவிட இலை வெளியே விடுவது கூடினால் அழுத்தம் குறைந்து தொய்யும். மண் காய்ந்தாலும் அப்படித்தான், மண் ஊறி வேர் அழுகினாலும் அப்படித்தான். அழுகிய வேர் தண்ணீருக்குள் கிடந்தாலும் உறிஞ்சாது.

ஆகவே முதல் வேலை ஈர்க்கு. காய்ந்த தென்னை ஈர்க்கு ஒன்றைச் சாடியின் ஓரமாக மூன்று அங்குலம் இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு இழுங்கள். ஈரம் பட்டுக் கறுத்து மண் ஒட்டி வந்தால் தண்ணீர் வேண்டாம். வெறுமையாக வந்தால் காய்ந்துவிட்டது. மேல் மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பது போதாது. கச்சான் காற்று, அதாவது கோடையில் தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, வீசுகிற மாதங்களில் மேலே அரை அங்குலம் தூளாகக் காய்ந்திருக்கும், அடியில் சேறாக இருக்கும். அடுத்தது சாடியைத் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் விட்ட கையோடு ஒருதரம் தூக்கிப் பாரம் பார்த்து வைத்தால், பிறகு எப்போது தூக்கினாலும் வித்தியாசம் கைக்கே தெரியும்.

*செங்கலடி*

மேலே சொன்னது சரி. இலையிலும் அடையாளம் உண்டு. காய்ந்து தொய்ந்த இலை மெல்லிசாக, ஓரம் உள்ளே சுருண்டு, தொட்டால் கடதாசி மாதிரி இருக்கும். தண்ணீர் கூடித் தொய்ந்தது கொழகொழவென்று, அடி இலை முதலில் மஞ்சளாகி, தண்டு மண்ணோடு சேருமிடத்தில் கறுத்து இருக்கும். சாடியின் அடித் துளையில் மூக்கை வைத்தால் சாக்கடை மணம் அடிக்கும்.

நன்றாகக் காய்ந்துவிட்ட சாடிக்கு மேலால் ஊற்றிப் பயனில்லை. தும்புத்தூள் (தேங்காய் நார்த் தூள்) கலந்த மண் ஒருதரம் முற்றாகக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது. சாடிக்கும் மண்ணுக்கும் இடையிலான வெடிப்பால் ஓடி அடியால் போய்விடும். பேசினில் நாலு அங்குலத் தண்ணீர் விட்டு, சாடியை அதற்குள் முக்கால் மணித்தியாலம் இருத்துங்கள். மேல் மண் நனைந்து கறுத்ததும் எடுத்து வடியவிடுங்கள். பீஸ் லில்லி சில மணித்தியாலத்தில் எழும்பிவிடும். அதற்கும் எழும்பவில்லையென்றால் வேரைப் பார்க்க வேண்டும்.

*அக்கரைப்பற்று*

வேர் அழுகின செடிக்குச் செய்ய வேண்டியதை நான் முழுசாக எழுதுறன், அரைகுறையாகச் செய்தால் வீண்.

சாடியைச் சரித்து, பக்கத்தைத் தட்டி, மண்ணோடு வெளியே எடுங்க. குழாய்த் தண்ணியில் மெதுவாகக் கழுவினால் வேர் தெரியும். நல்ல வேர் வெள்ளையாக அல்லது பால் நிறமாக, அழுத்தினால் விறைப்பாக இருக்கும். அழுகினது மண்ணிறம். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல் தோல் உறை மாதிரிக் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். பிளேட்டை ஸ்பிரிட்டால் துடைத்துப்போட்டு, அழுகினதை நல்ல பகுதி தெரியும்வரை வெட்டுங்க. ஒவ்வொரு செடிக்கும் திரும்பத் துடைக்க வேணும். வேரில் பாதி போயிருந்தால் இலையிலும் மூன்றில் ஒன்றையாவது எடுங்க, மிஞ்சின வேரால் அவ்வளவு இலைக்கும் தண்ணி கொடுக்க ஏலாது.

திரும்ப நடுற சாடி பழையதைவிடச் சின்னதாக இருக்க வேணும். வேர்க்கட்டைச் சுற்றி ஒரு அங்குலம் இடம் போதும். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து மறுபடி அழுக வைக்கும். நட்டவுடன் ஒருதரம் தண்ணி. பிறகு மேலே இரண்டு அங்குலம் காயும்வரை தொடவே கூடாது. ஆறு கிழமைக்கு உரம் இல்லை. வெளிச்சமான நிழல், நேர் வெயில் வேண்டாம்.

வேர் முழுக்கப் போயிருந்தால் மணி பிளாண்டில் இரண்டு கணு இருக்கிற நுனித் துண்டுகளை வெட்டித் தண்ணியில் வையுங்க. கீழ்க் கணு தண்ணிக்குள் இருக்க வேணும், இலை உள்ளே போகக் கூடாது. இரண்டு மூன்று கிழமையில் வேர் வரும். அந்தப் போத்தல் தண்ணியை மூன்று நாளுக்கு ஒருக்கால் மாற்றுங்க. சாடிக்குக் கீழே வைக்கிற தட்டும் அப்படித்தான், ஊற்றி அரை மணித்தியாலத்தில் வெறுமையாக்க வேணும். தேங்கி நிற்கிற சுத்தமான தண்ணியில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும். செடி பிழைத்தும் வீட்டில் ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன பிரயோசனம்.

*களுவாஞ்சிக்குடி*

கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிற நமக்கு இன்னொன்று இருக்கிறது, அதை வெளியூர்க் குறிப்புகளில் காணமாட்டீர்கள். உப்புத் தண்ணீர்.

மண் அளவாக ஈரமாக இருக்கும், வேரும் வெள்ளையாக இருக்கும், ஆனாலும் இலை தொய்ந்திருக்கும். நுனியும் ஓரமும் மண்ணிறமாகக் கருகிக்கொண்டு வரும். மண் சாடியானால் வெளிப்பக்கம் வெள்ளை படிந்திருக்கும். மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். கிணற்றுத் தண்ணீரை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும்போது தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் சாடிக்குள் சேர்ந்துகொண்டு போகும். மழையில்லாத ஆகஸ்ட், செப்டம்பரில் இது உச்சம்.

சோதிக்க, சில்வர் தட்டில் ஒரு மேசைக்கரண்டி கிணற்றுத் தண்ணீரை விட்டு வெயிலில் வற்றவிடுங்கள். தடிப்பாக வெள்ளை படிந்து, நாக்கில் கரித்தால் உப்பு. கரிக்காவிட்டால் சுண்ணாம்பு, அது இவ்வளவு கெடுதல் இல்லை.

தீர்வு கழுவி இறக்குவதுதான். எட்டு அங்குலச் சாடியில் ஏறத்தாழ நாலு லீற்றர் மண் இருக்கும். அதற்கு 12 லீற்றர் நல்ல தண்ணீர் வேண்டும். நாலு நாலு லீற்றராக, இடையில் கால் மணித்தியாலம் விட்டு, மெதுவாக ஊற்றி அடியால் முழுக்க வடியவிடுங்கள். வடிந்த தண்ணீரில் சாடியை இருத்தக் கூடாது, உப்பு திரும்ப ஏறும். குழாய்த் தண்ணீரை இரவு வாளியில் திறந்து வைத்தால் குளோரின் மணம் போகும், ஆனால் உப்பு எத்தனை நாள் வைத்தாலும் போகாது. மாரியில் கூரைத் தண்ணீரை மூடியுள்ள பீப்பாவில் பிடித்து வைப்பதுதான் இந்தச் செடிகளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம்.

*சம்மாந்துறை*

மண் கலவையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நம்முடைய பக்கம் வயல் மண்ணை அள்ளிச் சாடியில் போடுகிற பழக்கம் இருக்கிறது. அது களிமண். சாடிக்குள் இறுகிக் கல்லாகிவிடும், வேருக்குக் காற்றே போகாது. தும்புத்தூள் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, பழைய மாட்டெரு அரைப் பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு, இதுதான் உள்ளே வைக்கிற இலைச் செடிகளுக்குச் சரிவந்த கலவை. தும்புத்தூளிலும் உப்பு இருக்கும், மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுத்தான் போட வேண்டும். உமியைக் கறுப்பாகக் கரியாகிற பதத்தில் தண்ணீர் தெளித்து அணையுங்கள். வெள்ளைச் சாம்பலாக எரிந்தது மண்ணைக் காரமாக்கும். கடல் மணல் கூடவே கூடாது.

அடியில் ஓட்டுத் துண்டும் கல்லும் பரப்பினால் தண்ணீர் வடியும் என்று நம்புகிறார்கள். வடியாது. மண்ணுக்கும் கல்லுக்கும் இடையில் ஈரம் தங்கி நிற்கும், வேருக்கு இன்னும் கிட்ட வரும். துளையில் ஒரு துண்டு வலை போட்டால் போதும்.

*வாழைச்சேனை*

கச்சான் காலத்தில் மத்தியானம் தொய்ந்து, பொழுதுபட்டதும் நிமிர்கிற செடிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். வேரால் ஈடுகொடுக்க முடியாத சூடு, அவ்வளவுதான். மேற்குப் பக்க யன்னலிலிருந்து மூன்று நாலு அடி உள்ளே தள்ளுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் சாடி சீமெந்துத் தரையில் நேரே இருந்தால் வேரே வெந்துபோகும், இரண்டு செங்கல்லில் தூக்கி வையுங்கள்.

மாரியில் இதற்கு எதிர். நவம்பரிலிருந்து ஜனவரிவரை வெயில் இல்லை, காற்றில் ஈரம், செடி குடிப்பது குறைவு. கோடையில் ஊற்றின அளவையே ஊற்றுகிறவர்களின் சாடிதான் அப்போது அழுகும்.

*கல்முனை*

கலத்தியா, மரந்தா வைத்திருக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். அவை இரவில் இலையை மேலே மடக்கி, பகலில் கீழே விரிக்கும். அது நோய் இல்லை.

இலைக் காம்பின் கவட்டில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாப்பூச்சி. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, ஒரு லீற்றர் தண்ணீரில் ஐந்து மில்லிலீற்றர் திரவச் சவர்க்காரம் கலந்து பின்னேரம் தெளித்து, ஒரு மணித்தியாலம் விட்டுக் கழுவுங்கள். கிழமைக்கு ஒருமுறை, மூன்று முறை. நடுவில் நிறுத்தினால் முட்டையிலிருந்து புதுசு வரும். வேரிலும் இருக்கும், சாடி மாற்றும்போது பாருங்கள்.

*கல்லடி*

தொய்ந்த இலை திரும்ப நிமிருமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். பச்சையாக, மெல்லிசாகத் தொய்ந்தது நிமிரும். மஞ்சளானது பச்சையாகாது, கருகின ஓரமும் ஆறாது. மஞ்சளைக் காம்போடு எடுத்துவிடுங்கள், கருகினதை ஓரமாக மட்டும் கத்தரியுங்கள். செடி தேறுகிறதா என்பதைப் பழைய இலையில் பார்க்காதீர்கள், குருத்தில் பாருங்கள். சுருண்ட குருத்து விரியத் தொடங்கினால் வேர் வேலை செய்கிறது.