கலைச்சொல்: “உடல் வரைபடம்” வேண்டாம், “உடல்வரைதல்” போதும்

> “body mapping” என்ற ஆய்வுமுறையை “உடல் வரைபடம்” என்றே சொற்பட்டியலில் போட்டுவிடலாமா அக்கா?

அன்பின் தங்கச்சி,

வேண்டாம். வரைபடம் என்றால் முடிந்துபோன தாள். பெண்ணிலைவாத ஆய்வில் இந்த முறைக்குப் பெறுமதி, ஒருத்தி தன் உடம்பைத் தானே வரைந்து, வரையும்போதே பேசுவதில்தான் இருக்கிறது. 2002இல் கேப் டவுனில் எச்.ஐ.வியோடு வாழ்ந்த பெண்களுடன் கலைஞர் ஜேன் சொலமன் நடத்திய பட்டறையிலும் படமும் வாழ்க்கைக் கதையும் சேர்ந்தே வந்தன.

“உடற்கூறு” பக்கம் போகவே கூடாது. திருகோணமலைப் பக்கம் மூதூரிலோ கிண்ணியாவிலோ அதைக் கேட்டால் பிரேத பரிசோதனைதான் நினைவுக்கு வரும்.

செய்முறையைப் பாருங்கோ. ஆறரை அடி நீள, மூன்றடி அகல மண்ணிறத் தாளை நிலத்தில் விரித்து, பங்குபற்றுபவர் அதில் படுக்க, அவர் தானே தெரிவுசெய்த ஒருவர் அவரைச் சுற்றி உருவக்கோட்டைப் போடுவார். படுக்கக் கூச்சமென்றால் (அது நியாயம்தான்) தாளைச் சுவரில் ஒட்டி நின்றபடி போடலாம். ஆய்வாளர் கை அதில் படாதிருப்பது நல்லது. பிறகு வேலை உடம்பில் பதிந்த இடங்கள்: கருவாடு போடும் பெண்ணென்றால் உப்பு அரித்த விரல்நுனி, குனிந்து குனிந்து வந்த நாரி உளைவு. அவர் “நாரி உளைவு” என்றதை “முதுகுவலி” என்று மாற்றி எழுதினால் தரவு அங்கேயே செத்துவிடும். கடைசியாகப் பலம் தரும் இடத்தைக் குறிக்கவேணும். நோவோடு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பக்கூடாது, அதுவும் போரையும் 2004 சுனாமியையும் கண்ட கரையில்.

அதிகம் பிழைவிடுவது நிறத்தில். சிவப்பு ஒருவருக்கு எரிவு, இன்னொருவருக்குக் குங்குமம். ஒவ்வொரு நிறத்துக்கும் வரைந்தவர் வாயால் விளக்கம் பதியாவிட்டால், ஆய்வாளர் தன் ஊகத்தைத்தான் வாசிப்பார்.

முறைக்கு “உடல்வரைதல்”, தாளுக்கு “உடல்வரைவு” என்பது என் முன்மொழிவு.

> தாளுக்கு “உடல்வரைவு”

அன்பின் அக்கா,

முதற்சொல்லுக்கு முழுச் சம்மதம். இரண்டாவது இடறுது. கந்தோரில் வரைவு என்றால் திருத்தத்துக்கு வைத்த நகல். அகத்திணை படித்தவர்களுக்கோ கலியாணம். வரைந்த பெண்கள் “என்ட படம்” என்றுதான் சொல்வினம். “உடல்வரைதற் படம்” என்று வைப்போம்.

பதிவுக்கான வரையறை: “பங்குபற்றுநர் தம் உருவக்கோட்டினுள் அனுபவங்களைத் தாமே குறித்து, விளக்கிச் சொல்லி, தரவாக்கும் ஆய்வுமுறை.” இடம் காணாவிட்டால் வேறெதையும் சுருக்குங்கோ, “தாமே”யை மட்டும் வெட்டவேண்டாம்.